விளையாது என்று சொன்ன நாக்கு

நிந்தவூரில் அபாயா தைக்கிற ஸம்ஸியாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கத்தரிக்கோல் மடியிலேயே கிடந்தாலும் நூலைப் பல்லால்தான் கடித்து அறுப்பாள். தையல்காரருக்கெல்லாம் உள்ள பழக்கம்தான். ஆனால் எல்லாருடைய நாக்கிலும் நாவற்பழம் காய்த்திருப்பதில்லை.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு கல்யாண வீட்டு அபாயாவுக்குக் கரை மடித்துக்கொண்டிருந்தாள். நூலைக் கடித்தபோது பல் வழுக்கி, நாக்கின் இடதுபக்க ஓரத்தில் பிறப்பிலிருந்தே இருக்கும் அந்த ஊதா நிறக் கட்டியில் இறங்கியது. வலி பெரிதாக இல்லை. கறுப்புத் துணியில் விழுந்த இரத்தம் கண்ணுக்குத் தெரியவுமில்லை. துணியில் கோடு போடும் வெள்ளைச் சோக்கட்டி சிவந்தபோதுதான் கண்டாள். கண்ட கையோடு சாரத் துணியொன்றைச் சுருட்டி வாய்க்குள் அமுக்கினாள். துணி நனைந்தது. இன்னொன்றை எடுத்தாள்.

குசினிக்குள் இருந்து ஓடிவந்த அவளுடைய உம்மா நதீரா மகளின் வாயைப் பார்த்தாள். பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி இது:

"யா அல்லாஹ்! ஆரைப் பத்திப் புள்ள என்ன சொன்னாய்?"

பெற்ற தாய், மகளின் வாயிலிருந்து இரத்தம் கொட்டும்போது, "நோகுதா?" என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் அந்த நாக்கைப் பற்றி இருபது வருடத்துக்கு மேலாக நிலைத்திருந்த எண்ணம் அப்படிப்பட்டது. ஊர் அதற்கு வைத்திருந்த பேர் கருநாக்கு. கருநாக்குக்காரி சொன்னால் பலிக்கும். கெட்டது சொன்னால் கட்டாயம் பலிக்கும்.

இதைத் தொடக்கிவைத்தவர் நதீராவின் மூத்த காக்கா, அதாவது அண்ணன், மீராசாஹிபு. நிறைய வயல் உள்ளவர் என்பதால் ஊருக்கு அவர் போடியார், ஸம்ஸியாவுக்குப் போடி மாமா. அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது, ஒரு மார்கழி மாதம், அடைமழைக்குள் குடை பிடித்துக்கொண்டு வந்த மாமாவைப் பார்த்து, "மாமா, உங்கட வட்டைக்குள்ள வெள்ளம் வரப்போகுது" என்று சிரித்தபடி சொன்னாள். வட்டை என்றால் வயல்வெளி. அங்கே வெள்ளம் வந்தது. மார்கழியில், கிழக்கு மாகாணத்தில், கிழமைக்கணக்காக மழை பெய்துகொண்டிருக்கும்போது வெள்ளம் வரும் என்று சொல்ல நாக்கில் புள்ளி எதற்கு? சன்னலைத் திறந்து பார்த்த யாரும் சொல்லலாம். ஆனால் வயல் அழிந்த மனிதனுக்குக் காரணம் வேண்டியிருந்தது. வடிச்சல் வாய்க்காலைத் தூர் வாராமல் விட்ட தன்னை நொந்துகொள்வதைவிட, தங்கச்சி மகளின் நாக்கை நொந்துகொள்வது லேசாக இருந்தது. பள்ளிவாசலடித் தேத்தண்ணிக் கடையில் அவர் அதைச் சொன்னார். வாய்ச்சொல்லுக்குப் பயந்து, நெல் மிதிக்கும் களவெட்டியில் நெல்லுக்கும் மாட்டுக்குமே வேறு பேர் வைத்துக் கதைத்தவர்களின் வழிவந்த ஊர் அது. ஒரு மஃரிபுக்குள் கதை ஊர் முழுக்கப் போய்விட்டது.

அதன் பிறகுதான் கடல் வந்தது. சுனாமி அடித்து மூன்றாம் நாள், மையித்துகள் இன்னும் அடக்கி முடியாத நேரத்தில், சில பேர் நதீராவின் வாசலுக்கு வந்து கேட்டார்கள்: "ஒண்ட மகள் முந்தின நாள் கடலப் பத்தி ஏதும் கதைச்சாளா?" ஒன்பது வயதுப் பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஸம்ஸியா வாயைப் பொத்திக்கொண்டு கதைக்கத் தொடங்கினாள். பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டிக்கு அவளைச் சேர்க்கவில்லை. கல்யாண வீட்டுக்கு அவள் போனால் மாப்பிள்ளை வீட்டார் மாப்பிள்ளையை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கெட்டது பலிக்குமென்றால் நல்லதும் பலிக்கத்தானே வேண்டும்? ஒவ்வொரு பெரும்போகத்துக்கும் விதைப்புக்கு முன்னால் போடி மாமா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து கதிரையில் இருப்பார். "சொல்லு மகள், மாமாட வெள்ளாமை விளையும் எண்டு." அவள் சொல்வாள். விளைந்தால் சந்தோசம். விளையாவிட்டால், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னதால் பாதிதான் பலித்தது என்பார். எப்படிப் போட்டாலும் கணக்குச் சரிவந்தது. பொய்க்க வழியே இல்லாத கணக்கைப் போல மனிதனைச் சோம்பேறியாக்குவது வேறில்லை.

இத்தனை வருடமும் அவளுடைய நாக்கை ஊரே பார்த்தது. அது உடம்பின் ஒரு துண்டு, அதற்கு நோய் வரலாம், மருந்து செய்யலாம் என்று ஒரு சனமும் பார்க்கவில்லை.

அன்று இரத்தம் ஒருவழியாக ஆஸ்பத்திரியில்தான் நின்றது. ஓட்டோ ஓட்டுகிற அவளுடைய புருசன் பஸால், கடற்கரை வீதியால் ஓட்டிய ஓட்டத்தில் காரைதீவுச் சந்தியில் ஒரு பஸ்காரன் அவனுக்கு ஏசிய ஏச்சு அவன் காதில் விழவேயில்லை.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டொக்டர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு முகம் மாறினார். வெற்றிலையும் புகையிலையும் போட்டு வாய்ப்புற்றுநோயோடு வருகிறவர்களை அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகள் நிறையக் கண்டிருக்கின்றன. கட்டியில் ஒரு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்று அவர் தாதியிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, வாய், முக சத்திரசிகிச்சை டொக்டர் வந்தார். விதுசா என்று பேர், காரைதீவுக்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும்.

"கத்திய வைங்க தம்பி" என்றார். "வெட்டுறதுக்கு முதல் தொட்டுப் பாக்கோணும்."

கையுறை போட்ட விரலைக் கட்டியின் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். நாடி அடிக்கிறதா என்று பார்த்தாராம். அடிக்கவில்லை. பிறகு ஒரு சின்னக் கண்ணாடித் தகட்டை எடுத்து அதன்மேல் அமுக்கினார். ஊதா நிறம் கண்ணுக்கு முன்னாலேயே வெளிறியது. தகட்டை எடுத்ததும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது.

"இப்ப குனிஞ்சு தலையக் கீழ தொங்கப் போடுங்க. இன்னும் கொஞ்சம். நிமிருங்க. தம்பி, பாத்தீங்களா? குனிஞ்சா ஊதுது."

ஸம்ஸியா துணியை வாயில் பிடித்தபடி கண்ணால் கேட்டாள்.

"புற்றுநோய் இல்ல தங்கச்சி. பயப்பிடாதீங்க. இது நாளங்கள். நீங்க தாயிட வயித்துக்குள்ள இருக்கக்குள்ளேயே இந்த இடத்து ரத்தக் குழாய்கள் ஒழுங்கா அமையாம, பஞ்சு மாதிரிப் பின்னிக் கிடக்கு. அதுக்குள்ள ரத்தம் தேங்கி நிக்குது. அவ்வளவுதான். பிள்ள வயித்தில இருக்கக்குள்ள பெருத்திருக்குமே?"

மூத்தவள் நுஸ்ஹா வயிற்றில் இருக்கும்போது ஒரு தரம், சின்னவன் வயிற்றில் இருக்கும்போது இன்னொரு தரம் பெருத்தது. துவரம்பருப்பாக இருந்தது நாவற்பழமானது அப்படித்தான். இதை இந்த டொக்டருக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. கட்டியே சொன்னது. கேட்கத் தெரிந்தவர் கேட்டார்.

"இதில ஒரு துண்டு வெட்டியிருந்தா?" என்று பஸால் கேட்டான்.

"வெட்டினவருக்கும் வேர்த்திருக்கும், உங்களுக்கும் வேர்த்திருக்கும்" என்றார் விதுசா. இளம் டொக்டர் காது சிவக்க நின்றார்.

அடுத்த கிழமைகளில் கழுத்துக்கும் நாக்குக்கும் ஒலி ஸ்கேன் எடுத்தார்கள். மட்டக்களப்புக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுத்து வந்தார்கள். விதுசா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வெளியில் தெரிந்தது நாவற்பழம். உள்ளே, நாக்கின் தசைக்குள், அது ஒரு கொடித் தோடங்காய் அளவுக்கு, கோழி முட்டைப் பருமனில், இறங்கியிருந்தது.

"வெட்டி எடுத்தா நாக்கிலயும் பாதி போகும். அதால ஊசி. கட்டிக்குள்ள மருந்த ஏத்தினா அந்தக் குழாய்களிட உள்சுவர் புண்ணாகி, ஒட்டிச் சுருங்கும். ஒரு ஊசியில முடியாது. ஆறேழு கிழமைக்கு ஒருக்கா, மூணு தரம், சில நேரம் நாலு. மயக்கி வெச்சுத்தான் போடுவம். போட்ட பிறகு நாக்கு நல்லா வீங்கும். மூச்சுப் பாதையை அடைக்கக்கூடாது, அதால அவசர சிகிச்சைப் பிரிவில ஒரு கட்டில் காலியா இருக்கிற நாளாப் பாத்துத்தான் கூப்பிடுவன். கூப்பிட்டா வரோணும். கொஞ்சம் மரத்துப் போற, கதை கொஞ்சம் மாறுற ஆபத்தும் இருக்கு. குறைவு. ஆனா இல்ல எண்டு பொய் சொல்லமாட்டன்."

"செய்யாம விட்டா?" ஸம்ஸியா கையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"இண்டைக்கு நூல். நாளைக்கு ஒரு மீன் முள்ளு. கைய எடுத்துட்டுக் கதைங்க தங்கச்சி, எனக்கு விளங்கல்ல."

ஸம்ஸியா கையை எடுத்தாள். "எப்ப கட்டில் காலியாகும்?" என்று கேட்டாள்.

வீட்டில் பஸாலுக்குத்தான் மனம் வரவில்லை. மூச்சு அடைக்கும் என்ற சொல் அவன் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. "இவ்வளவு காலம் இரிந்தது தானே புள்ள. இன்னும் கொஞ்சம் பாப்பம்" என்றான். அவள் குசினிக்குப் போய்த் தேத்தண்ணிக் கிளாசொன்றைக் கழுவிக்கொண்டு வந்தாள். கண்ணாடிக்கு முன்னால் நின்று நாக்கை நீட்டி, கிளாசின் அடியைக் கட்டியின் மேல் அமுக்கினாள்.

"ஆங்க, ஆழுங்க."

"என்ன?"

கிளாசை எடுத்தாள். "வந்து பாருங்க எண்டன்!"

அவன் வந்து பார்த்தான். வெளிறியது. நிறம் திரும்பியது. குனிந்து காட்டினாள், ஊதியது. நுஸ்ஹாவும் ஓடிவந்து, "உம்மா, மறுகா ஒருக்கா!" என்று கேட்டாள். இன்னொரு தரம் செய்து காட்டினாள். பஸால் கிளாசை வாங்கித் தன் கையாலேயே அமுக்கிப் பார்த்தான். எட்டு வருடம் அவளோடு குடித்தனம் செய்தவன், அந்தக் கட்டியை அன்றைக்குத்தான் தொட்டான்.

"வெறும் ரத்தம் தானா இது?" என்றான். ஏதோ ஏமாந்தவன் மாதிரி இருந்தது அவன் குரல்.

"வெறும் ரத்தம்தான். இதுக்குத்தான் என்ன வாய் பொத்த வெச்சீங்க, எல்லாரும் சேந்து."

ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை வந்து படுக்கச் சொன்னார்கள். புதன்கிழமை காலையில் போடி மாமா வந்தார். கையில் வாழைப்பழச் சீப்பு. விதைப்புத் தொடங்கியிருந்த நேரம்.

நதீரா விசயத்தைச் சொன்னதும் அவர் பழத்தைக் கீழே வைக்காமலே கதிரையில் இருந்தார்.

"நல்ல விசயம்தான். செய்யத்தான் வேணும். ஆனா இப்ப என்னத்துக்கு மகள்? விதைச்சு, குடலப் பருவம் வந்து, கதிர் சாயட்டும். மாசிக்குப் பிறகு போய்ப் போடலாம்தானே?"

"அதுக்கும் என்ட நாக்குக்கும் என்ன மாமா?"

"என்ன இப்பிடிக் கேக்காய்? ஊசி போட்டா அந்த வாக்கு போயிடும். வட்டைக்குள்ள நான் மட்டுமா இரிக்கன்? ஷரிபுதீன்ட வயல் இரிக்கி, மத்தாக்கள்ட வயல் இரிக்கி. எல்லாரும் நீ சொல்லுவாய் எண்டு இரிக்காங்க. நாலு மாசம் ஒரு பெரிய காரியமா? நூலப் பல்லால கடியாம இரி. ஐஸ்கட்டி வெச்சுக்கொள்ளு."

ஸம்ஸியா தையல் மெசினை நிறுத்தினாள்.

"நாக்கு வெடிச்சு ரத்தம் சளசளண்டு போனது மாமா. இந்தா இரிக்காரு, ஓட்டோக்குள்ள ரெண்டு சாரம் பிழிஞ்சவரு."

"தெரியும் மகள். எனக்கும் கவலதான். ஆனா ஊர்ட சோறு..."

"ஊர்ட சோத்துக்கு என்ட ரத்தமா?"

நதீரா இடையில் புகுந்தாள். "மாமாவோட இப்பிடியா கதைக்கிற? வாயப் பொத்து புள்ள!"

அந்தச் சொல்தான். ஏழு வயதிலிருந்து கேட்ட சொல். ஸம்ஸியாவின் வலது கை பழக்கத்தில் தானாக எழும்பி வாய்வரைக்கும் வந்தது. வந்த கையை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு மடியில் வைத்து, இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லத்தானே மாமா வந்தீங்க? சொல்றன். வாய் பொத்தாமச் சொல்றன், பாதி பலிச்சது எண்டு மறுகா சொல்லக்கூடாது." ஒவ்வொரு சொல்லாக, வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரிக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்: "இந்தப் பெரும்போகம் மீராசாஹிபுப் போடியார்ட வயல் விளையாது."

நதீரா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு "அஸ்தஃபிருல்லாஹ், அஸ்தஃபிருல்லாஹ்" என்றாள். மாமா எழும்பிய வேகத்தில் தொப்பி கழன்று விழுந்தது. அதை எடுக்காமலே படலை வரை போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார். வாழைப்பழத்தையும் எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை ஓட்டோவில் போகும்போது பஸால் முன்னுக்குப் பார்த்தபடியே கேட்டான். "ஊசியப் போட்டுட்டுச் சொல்லியிரிக்கலாமே?"

"போட்டுட்டுச் சொன்னா, டொக்டர்மார் வாக்க முறிச்சுட்டாங்க எண்டு சொல்லுவாங்க. அப்ப முந்தி இரிந்தது உண்மையாப் போயிடும். கட்டி இரிக்கக்குள்ளேயே சொல்லணும்."

"சரி. விளையாமப் போனா?"

அவள் வெளியே பார்த்தாள். ரோட்டோரத்து வயல்களில் உழவு மெசின் ஓடிக்கொண்டிருந்தது. "போனா, ஊர் இவ்வளவு காலமும் சொன்னதையே சொல்லும். எனக்குப் புதுசா ஒண்டும் போகாது" என்றாள். வாயால் அப்படிச் சொன்னாலும், மாமாவின் வயல் விளையவேண்டும் என்று அந்தப் போகத்தில் அவளைவிட ஆசைப்பட்டவர் அந்த ஊரில் எவருமில்லை.

மயக்கம் தெளிந்தபோது வாய்க்குள் ஒரு முழு றாத்தல் பாண் ரொட்டியைத் திணித்தது மாதிரி இருந்தது. நாக்கு அவளுடையதாக இல்லை. மூக்கால் மூச்சு இழுத்தாள். போனது. இன்னொரு தரம் இழுத்தாள். போனது. இழுத்து விடுவதே அன்றைக்கு அவளுடைய முழு வேலையாக இருந்தது. தலைமாட்டில் இயந்திரம் கூவிக்கொண்டிருக்க, விதுசா வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். "வீக்கம் நாளைக்கு இன்னும் கூடும். பிறகு இறங்கும். பயப்பிடக்கூடாது, மூச்ச மட்டும் பாத்துக்கொள்ளுங்க" என்றார்.

கதைக்க முடியாது. பஸாலுக்கு ஒரு யோசனை வந்தது. தைக்காத கறுப்பு அபாயாத் துணி ஒரு துண்டையும் சோக்கட்டியையும் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தான். அவள் அதில் எழுதிக் கேட்ட முதல் கேள்வி: "மழை எப்படி?"

விதுசா வாசித்துவிட்டுச் சிரித்தார். "என்ன தங்கச்சி, உடுப்புக் காயப் போட்டிருக்கா?"

பஸால் முழுக்கதையையும் சொன்னான். விதுசாவின் சிரிப்பு நின்றது. துணியை வாங்கி, தன் கையால் எழுத்தைத் தட்டி அழித்துவிட்டு, "மழை வானிலை ஆக்களிட வேலை. நீங்க மூச்ச எடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து ஐந்தாறு நாள் கஞ்சித் தண்ணிதான். கைக்குழந்தை அவளுடைய வீங்கிய முகத்தைப் பார்த்து அழுதது. நுஸ்ஹாவுக்கு மட்டும் கொண்டாட்டம். உம்மா துணியில் எழுதுவதை எழுத்துக் கூட்டி வாசித்து, வருகிறவர்களுக்கெல்லாம் உரத்துச் சொல்லும் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, "கருநாக்கு இப்பதான் அடங்கிட்டு" என்றாள். ஸம்ஸியா துணியில் எழுதினாள். நுஸ்ஹா வாசித்தாள்: "நா-க்-கு வீங்-கி-த்-தான் இரிக்கி. கா-து நல்-லாக் கே-க்-குது." வந்தவள் தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டாள்.

இரண்டாவது ஊசிக்கு முன்னால் மழை பிடித்தது. சும்மா மழையில்லை. கிழமை முழுக்க வானம் மூடிக் கிடந்தது. கல்முனைப் பக்கம் ஒழுங்கைகளில் முழங்கால் வரை தண்ணி. நதீரா தொழுகைப் பாயை விட்டு எழும்பவில்லை. எழும்பும்போதெல்லாம் மகளை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வையை ஸம்ஸியா ஏழு வயதிலேயே படித்து முடித்தவள். கட்டி சுருங்கத் தொடங்கியிருந்தது, நாக்கு வழமைக்கு வந்துகொண்டிருந்தது, ஆனால் சோறு இறங்கவில்லை.

ஒரு பின்னேரம் பஸால் நனைந்துகொண்டு வந்து நின்று சிரித்தான்.

"என்ன?"

"வட்டைப் பக்கம் ஹயர் ஒண்டு போனன். மாமா மண்வெட்டியோட நிக்காரு புள்ள! அவருதான், போடியாரு! சாரத்த மடிச்சுக் கட்டிக்கொண்டு, நாலு கூலியாக்களோட வடிச்சல் வெட்டுறாரு. கேட்டன். 'ஒண்ட பொண்டாட்டிட வாயாலதான் கெதி இது' எண்டு ஏசினாரு. விதைச்ச நாள்ல இருந்து வயலுக்குள்ளதானாம். விவசாய விரிவாக்க ஐயாவக் கூட ரெண்டு தரம் கூட்டிட்டுப் போய்க் காட்டியிரிக்காரு. இவ்வளவு காலமும் அந்தாள வயல் வரம்புக்கே விடாதவரு!"

ஸம்ஸியா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருடமும் "விளையும்" என்ற ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு போய் மாமா வீட்டில் படுத்திருக்கிறார். வாய்க்கால் தூர்ந்தது, களை மண்டியது, அவர் படுத்திருந்தார். இந்த வருடம் அவருக்குப் படுக்கப் பாய் கிடைக்கவில்லை.

மணல் மூடிய ஆற்று வாயை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விட்டார்கள். வடிச்சல் வெட்டிய வயல்களிலிருந்து தண்ணி முதலில் இறங்கியது. வெட்டாத வயல்களில் பயிர் அழுகியது. ஷரிபுதீனின் வயலில் பாதி போனது. அவரைப் பற்றி ஸம்ஸியா ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

மூன்றாவது ஊசிக்கு நாக்கு அவ்வளவாக வீங்கவில்லை. விதுசா கண்ணாடித் தகட்டை அமுக்கிப் பார்த்து, "வெளிறுறதுக்கு இனிப் பெருசா ஒண்டுமில்ல" என்றார். நாவற்பழம் இருந்த இடத்தில் காய்ந்த திராட்சை வற்றல் மாதிரி ஒரு தழும்பு. ஓரம் கொஞ்சம் மரத்திருந்தது. சூடு அந்தப் பக்கத்தில் பிந்தித்தான் தெரிந்தது. பேச்சு மாறவில்லை. இன்னும் ஒரு ஊசி தேவைப்படலாம், படாமலும் போகலாம். ஆறு மாதத்துக்கு ஒருக்கா வந்து காட்டச் சொன்னார். "நூல் கடிக்கிறீங்களா?" என்று கேட்டார். பஸால் சொன்னான்: "கத்திரிக்கோலக் கழுத்தில கட்டித் தொங்க விட்டிரிக்கன் டொக்டர்."

மாசிக் கடைசியில் அறுவடை மெசின் இறங்கியது. மாமாவின் வயல் பல வருடத்துக்குப் பிறகு நன்றாக விளைந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் புது நெல்லுக் குற்றிய அரிசி மூட்டையொன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். ஆளனுப்பவில்லை, தானே சுமந்து வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ். நல்ல காலம் மகள், டொக்டர்மார் நேரத்துக்கு ஊசியப் போட்டு வாக்க முறிச்சுப்போட்டாங்க. இல்லாட்டி நான் அழிஞ்சிரிப்பன்."

நதீரா "ஓம் காக்கா, ஓம்" என்றாள்.

ஸம்ஸியா வாசற்படியில் நின்றாள். அது அவளுடைய வீடு. அந்தப் பக்கத்து வழக்கப்படி சீதனமாக அவள் பேரில் எழுதப்பட்ட வீடு. மூட்டையோடு படியேற வந்த மாமாவுக்கு அவள் வழிவிடவில்லை.

"நான் சொன்னது எப்ப மாமா? ஊசிக்கு முதலா, பிறகா?"

"முதல்தான்."

"வாய் பொத்திச் சொன்னனா?"

"இல்ல."

"கட்டி அப்பிடியே இரிந்ததா?"

"இரிந்தது..."

"ஷரிபுதீன் காக்காட வயலப் பத்தி ஏதும் சொன்னனா?"

அவர் மூட்டையைத் தோள் மாற்றினார்.

"அப்ப எப்பிடி உங்கட விளைஞ்சது, அவர்ட போனது? வடிச்சல் வெட்டினது ஆரு? என்ட நாக்கா, உங்கட கையா? கையக் காட்டுங்க." அவர் காட்டவில்லை. காட்டத் தேவையுமில்லை. மூட்டையைப் பிடித்திருந்த விரல்களில் காய்ப்பு நன்றாகத் தெரிந்தது.

தோற்றுப்போகிறவன் கடைசியாக எறியும் கல்லைப் போல, அவர் மெல்லச் சொன்னார்: "அப்ப... கடல் வந்தது?"

இருபது வருடம் எல்லார் வாயிலும் முணுமுணுப்பாகவே இருந்த அந்தக் கேள்வியை இன்றைக்குத்தான் ஒருவர் அவள் முகத்துக்கு நேரே கேட்டார். ஸம்ஸியா வாயைப் பொத்தாமலே பதில் சொன்னாள்.

"அதுக்கு முந்தின நாள் நான் என்ன சொன்னன் எண்டு தெரியுமா மாமா? ஆராவது என்னக் கேட்டீங்களா? உம்மாக்கிட்டக் கேட்டீங்க, அக்கம் பக்கத்திலக் கேட்டீங்க. என்னக் கேக்கல்ல. நான் சொல்றன். 'நாளைக்கு எனக்கு ஐஸ்பழம் வேணும்' எண்டு சொன்னன். குச்சியில வாற சிவப்பு ஐஸ்பழம். அதுதான் நான் சொன்னது. அதுவும் கிடைக்கல்ல."

நதீரா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"தேத்தண்ணிக் கடையிலதானே தொடங்கினீங்க? அங்கயே போங்க. வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்சு ஆக்கள் நிறைய இரிக்கக்குள்ள சொல்லுங்க. ஸம்ஸியா விளையாது எண்டாள், விளைஞ்சிட்டு எண்டு. வடிச்சல் வெட்டினன் எண்டு. அவள் கடலப் பத்திச் சொன்னது என்ன எண்டும் சொல்லுங்க."

"நான் ஒரு போடியாரு மகள்... எல்லாருக்கும் முன்னால..."

"எல்லாருக்கும் முன்னாலதானே என்னக் கருநாக்கி எண்டீங்க."

"அப்ப அரிசி?"

"கொண்டு போங்க. சொல்லிப்போட்டு வரக்குள்ள கொண்டு வாங்க."

அவர் மூட்டையைத் திருப்பிச் சுமந்துகொண்டு ஒழுங்கையால் போனார். நதீரா மூன்று நாள் மகளோடு கதைக்கவில்லை. நான்காம் நாள் பக்கத்தில் வந்து இருந்து, "சிவப்பா கேட்டாய்?" என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் முதலில் வந்தது செய்திதான். பஸால் ஓட்டோவை நிறுத்தாமலே வாசலில் நின்று சொன்னான்: "சொல்லிட்டாரு! ஆனா வேற மாதிரிச் சொல்றாரு. ஒண்ட வாக்க மண்வெட்டியால அவரு வெண்டதாம்!"

"வடிச்சல் எண்டு சொன்னாரா?"

"பத்துத் தரம் சொன்னாரு. ஷரிபுதீன் காக்கா அடுத்த போகத்துக்கு அவரும் வெட்டப்போறாராம்."

ஸம்ஸியாவுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. கத்தரிக்கோலை எடுத்து நூலை அறுத்தாள்.

மாமா வந்தபோது படலைக்கு வெளியிலேயே நின்றார். தோளில் அதே மூட்டை. வேர்த்திருந்தது.

"சொல்லிட்டன்" என்றார்.

"கடல் கதை?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "அதுவும்."

"என்னெண்டு?"

"ஐஸ்பழம் கேட்டாய் எண்டு." கொஞ்சம் நிறுத்தி, "சிவப்பு எண்டும் சொன்னன்" என்றார்.

ஸம்ஸியா படலையைத் திறந்தாள்.

"உள்ள வாங்க மாமா. மூட்டய இறக்குங்க, தோள் போயிடும்."